முடிவு முன்பே எழுதப்பட்ட ஆட்டத்தில் எது சிறந்தது? 2023 ரெஸ்லிங் பற்றி

கேட்டவர் ஒரே கேள்வியில் இரண்டைக் கேட்டிருக்கிறார். 2023-ல் நடந்த ரெஸ்லிங் மேட்சுகளில் ஆகச் சிறந்தது எது என்பது ஒன்று. டோக்கியோவில் கென்னி ஒமேகாவும் வில் ஆஸ்ப்ரேவும் மோதியதுதான் என்று நண்பர் அடித்துச் சொல்கிறாராம். இவருக்கோ மான்ட்ரியாலில் நடந்த ரோமன் ரெய்ன்ஸ் – சாமி ஜேன் மேட்ச்தான் மனத்தில் நிற்கிறதாம். யார் சொல்வது சரி? இரண்டாவது கேள்வி கடைசி வரியில், போகிற போக்கில் வருகிறது: யார் ஜெயிப்பது என்று முன்கூட்டியே எழுதிவைத்த ஆட்டத்தில் சிறந்தது என்று ஒன்றை எப்படித்தான் தேர்ந்தெடுப்பது? எனக்கு இந்தக் கடைசி வரிதான் நிஜமான கேள்வியாகப் படுகிறது. அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் முதல் கேள்வி பாதி தானாகவே தீர்ந்துவிடும்.

முதலில் நான் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ரிங்குக்குள் ஏறியவனில்லை, பயிற்சி எடுத்தவனுமில்லை; சிறுவயதிலிருந்து விடாமல் பார்த்துக்கொண்டிருக்கும் ரசிகன், அவ்வளவுதான். பிடித்த மேட்சை இரண்டு தடவை பார்ப்பது என் பழக்கம். முதல் தடவை எல்லோரையும்போலக் கத்திக்கொண்டு. இரண்டாம் தடவை சத்தத்தை முழுக்க அணைத்துவிட்டு. கமென்டேட்டரின் கூச்சல் காதில் விழாதபோது வேறு விஷயங்கள் கண்ணில் படும். முதுகில் விழுகிறவர் தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொள்கிறாரா, தூக்கிப் போடுகிறவர் கடைசி நொடியில் எதிராளியின் தலை தரையில் மோதாமல் தாங்கிக்கொள்கிறாரா, ரெஃப்ரி அடிபட்டவரைப் பார்ப்பதுபோலக் குனிந்து உண்மையில் என்ன சேதி சொல்கிறார், தலைப்பிடி போட்டுக்கொண்டே யார் யார் காதில் கிசுகிசுக்கிறார் என்பதெல்லாம் தெரியும். இந்த இரண்டாம் பார்வையிலும் சாயம் வெளுக்காத மேட்சுகள்தான் என் பட்டியலில் ஏறும். மெக்சிகோவின் லூச்சா லிப்ரேயை வரிசைப்படுத்தும் அளவுக்கு நான் தொடர்ந்து பார்ப்பதில்லை. ஆகவே இதில் வருவதெல்லாம் அமெரிக்க, ஜப்பானிய நிறுவனங்கள் நடத்தியவை மட்டும்தான்.

சந்தேகமே இல்லாததை முதலில் பேசிவிடலாம். யார் ஜெயிப்பது என்பது முன்பே முடிவானதுதான். இதில் ரகசியம் என்று ஒன்றும் மிச்சமில்லை. இன்றைய டபிள்யூ.டபிள்யூ.இ. அன்றைக்கு டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்ற பெயரில் இருந்தபோது, 1989-லேயே நியூ ஜெர்சி மாநில செனட்டின் முன்னால் இது விளையாட்டுப் போட்டி இல்லை, பொழுதுபோக்குதான் என்று தானாகவே ஒப்புக்கொண்டது. மனசாட்சி உறுத்தியெல்லாம் ஒப்புக்கொள்ளவில்லை. விளையாட்டு என்றால் மாநிலத்தின் கட்டுப்பாடும் வரியும் தலைமேல் வரும், பொழுதுபோக்கு என்றால் வராது என்ற கணக்குதான். ஆகவே "அதெல்லாம் ஃபேக்" என்று இன்றைக்கு யாராவது கண்டுபிடித்துச் சொன்னால், முப்பது வருஷத்துக்கும் மேலான பழைய செய்தி என்று சிரித்துவிட்டுப் போகலாம்.

அதே அளவுக்கு உறுதியான இன்னொன்று, விழுவது நிஜம். ரிங் என்பது இரும்புச் சட்டம், அதன் மேல் மரப்பலகை, அதன் மேல் மெல்லிய ஃபோம், எல்லாவற்றின் மேலும் இழுத்துக் கட்டிய கான்வாஸ். மெத்தை கிடையாது. 2023 ஜூன் 25 அன்று டொராண்டோவில் பிரையன் டேனியல்சன், கசுச்சிகா ஒகாடாவோடு மோதிக்கொண்டிருக்கும்போது அவருடைய வலது முன்கை எலும்பு முறிந்துவிட்டது. அவர் வெளியே போகவில்லை. மீதி மேட்ச் முழுவதையும் அந்தக் கையோடு முடித்து, பிடி போடும் முறையையே மாற்றிக்கொண்டு, தோல்வியை ஒப்புக்கொள்ளும் அடையாளமாக ஒகாடாவைத் தட்டவைத்தார். முடிவு எழுதப்பட்டதுதான், ஆனால் அந்த முடிவுக்குப் போகும் வழி அங்கேயே, வலியோடு, மாற்றி எழுதப்பட்டது. ஜப்பானிய ரெஸ்லர் மிட்சுஹாரு மிசாவா 2009-ல் ஹிரோஷிமாவில் ரிங்கிலேயே நினைவிழந்து, அன்றிரவே இறந்துபோனார். அன்றைக்கு அவர் வாங்கியது, வாழ்நாள் முழுக்க வாங்கியதுபோன்ற ஒரு சாதாரண சப்ளெக்ஸ், அதாவது பின்னால் தூக்கிப் போடும் அடி. இதையெல்லாம் தெரிந்த பிறகு 'ஃபேக்' என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

இனி, உறுதியாகச் சொல்ல முடியாதவை. ஒரு மேட்சில் எவ்வளவு முன்பே பேசிவைத்தது, எவ்வளவு ரிங்கில் அப்போதே சொல்லிச் சொல்லிச் செய்தது என்பது வெளியே இருக்கும் யாருக்கும் சரியாகத் தெரியாது. ஆளுக்கு ஆள் அது மாறும். ஒவ்வொரு அடியையும் ஒத்திகை பார்த்துவிட்டு வருகிறவர்களும் உண்டு, முடிவை மட்டும் கேட்டுக்கொண்டு மிச்சத்தைக் கூட்டத்தின் சத்தத்தைப் பார்த்து நகர்த்துகிறவர்களும் உண்டு. கூட்ட எண்ணிக்கையையும் அப்படியே நம்ப வேண்டாம். ஆகஸ்ட் 27 அன்று லண்டன் வெம்ப்ளியில், டபிள்யூ.டபிள்யூ.இ.க்குப் போட்டியான அமெரிக்க நிறுவனம் ஏ.இ.டபிள்யூ. நடத்திய 'ஆல் இன்' நிகழ்ச்சிக்கு 81,035 டிக்கெட் விற்றதாக அறிவித்தார்கள். பிறகு உள்ளூர் கவுன்சிலிடமிருந்து வெளிவந்த வாசல் கணக்கு சுமார் 72,000 பேர்தான் உள்ளே நுழைந்ததாகச் சொன்னது. இரண்டும் பொய்யாக இருக்க வேண்டியதில்லை, டிக்கெட் வாங்கியவர் எல்லோரும் வருவதில்லையே. எந்த எண் எதைக் குறிக்கிறது என்று கேட்காமல் சண்டை போடுவதுதான் வீண்.

நண்பர் கையில் எடுத்திருக்கும் ஆயுதம் எது என்று எனக்குத் தெரியும்: டேவ் மெல்ட்சரின் நட்சத்திரங்கள். பல்லாண்டுகளாக 'ரெஸ்லிங் அப்சர்வர்' என்ற செய்திமடலை நடத்திவரும் அவர் தரும் மதிப்பெண்ணில் ஐந்துதான் உச்சம் என்று எல்லோரும் நினைத்திருந்தோம். 2017 ஜனவரியில் ஒமேகா – ஒகாடா மேட்சுக்கு ஆறு கொடுத்தார். 2018 ஜூனில் அதே இருவருக்கும் ஏழு. 2023-ல் நண்பர் சொல்லும் டோக்கியோ மேட்சுக்கு ஆறேகால். மெல்ட்சருக்கு இருக்கும் அனுபவத்தில் பத்தில் ஒரு பங்கு எனக்கு இல்லை, மறுக்கவில்லை. ஆனால் அது ஒரு மனிதரின் ரசனை, அளவுகோலையும் அவரே நீட்டிக்கொண்டு போகிறார். அதை ஒலிம்பிக் மதிப்பெண் மாதிரி மேசையில் போட்டு, பேச்சு முடிந்தது என்பது சரியில்லை.

அப்படியானால் என் அளவுகோல்தான் என்ன? முடிவு எனக்குத் தெரியும், அல்லது பெரும்பாலும் ஊகித்துவிட்டேன். அது தெரிந்தும், சில நொடிகளாவது அந்த அறிவை என்னிடமிருந்து பறிக்கிறார்களா என்பதுதான். சாகசம், வேகம், ரத்தம் எல்லாம் அதற்கான கருவிகள். அந்த நொடிகள் வராவிட்டால் நான்கு மாடி உயரத்திலிருந்து குதித்தாலும் எனக்கு அது வெறும் குதிப்பு.

ஒமேகா – ஆஸ்ப்ரேயை எடுத்துக்கொள்வோம். 2023 ஜனவரி 4, டோக்கியோ டோம், 'ரெஸில் கிங்டம் 17'. ஐ.டபிள்யூ.ஜி.பி. யு.எஸ். பெல்ட்டுக்கான, அதாவது சாம்பியன் பட்டத்துக்கான மேட்ச். ஒமேகா, 'நியூ ஜப்பான்' என்ற ஜப்பானிய நிறுவனத்தை விட்டுப் போய் நான்கு வருஷம் கழித்துத் திரும்பி வருகிறார். அவர் இல்லாத காலத்தில் கம்பெனியைத் தோளில் சுமந்தவன் நான்தான் என்ற கோபத்தோடு ஆஸ்ப்ரே நிற்கிறார். கொரோனா காலம் முழுவதும் ஜப்பானிய ரசிகர்கள் கைதட்ட மட்டுமே அனுமதி, வாயைத் திறக்கக் கூடாது. அந்தத் தடை விலகி டோக்கியோ டோமில் மீண்டும் குரல் கேட்ட ஜனவரி 4 அதுதான். முப்பத்தைந்து நிமிடத்துக்கு அருகில் ஓடும் அந்த மேட்சில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் இடம் ஒன்று உண்டு. மூலையில் கயிற்றை இறுக்கும் இரும்புக் கொக்கிக்கு மேல் ஒரு மெத்தை கட்டியிருக்கும். ஒமேகா அதைக் கழற்றிவிட்டு, ஆஸ்ப்ரேயின் தலையை அக்குளில் இறுக்கி, அந்த வெற்று இரும்பின் மேல் டி.டி.டி.யாக இறக்குகிறார். ஆஸ்ப்ரே ரத்தம் ஒழுக எழுகிறார். அதற்குப் பிறகு அவருடைய அசைவே மாறிவிடுகிறது. முதல் பத்து நிமிடத்தில் ரப்பர் பந்தாகத் துள்ளியவர் இப்போது ஒவ்வொரு அடிக்கும் கயிற்றைத் தேடுகிறார். சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தாலும் இந்த மாற்றம் துல்லியமாகத் தெரியும். ஒமேகா தன் முத்திரை அடியான 'ஒன்-விங்டு ஏஞ்சல்' போட்டு முடித்தபோது, முடிவு நியாயம் என்றே பட்டது. செய்நேர்த்தி என்று மட்டும் கேட்டால் அந்த வருஷத்தில் இதற்கு மேல் ஒன்று இல்லை. நண்பர் சொல்வதில் தப்பே கிடையாது.

அதே இருவரும் ஜூன் 25 டொராண்டோவில், டேனியல்சன் கை முறிந்த அதே இரவில், மறுபடி மோதினார்கள். ஆஸ்ப்ரே பெல்ட்டைத் திரும்ப வாங்கினார். பலருக்கு இரண்டாவதுதான் பெரியது. எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை. ஒமேகாவின் முன்னாள் மேனேஜர் டான் காலிஸ் வந்து ஸ்க்ரூட்ரைவரை நீட்டுவது தேவையில்லாத வேலை. மிசாவாவின் பழைய 'டைகர் டிரைவர் 91'-ஐ ஆஸ்ப்ரே எடுத்து, ஒமேகாவின் கழுத்து மடிய இறக்கியபோது கதை என் தலையிலிருந்து நழுவிவிட்டது; அந்த மனிதருக்கு என்ன ஆனதோ என்ற பயம்தான் மிஞ்சியது. இது நான் கேட்கும் மறதி இல்லை.

மான்ட்ரியாலுக்கு வருகிறேன். இதுதான் என் முதலிடம், காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஜனவரி 28, ராயல் ரம்பிள். முப்பது பேர் ஒருவர்பின் ஒருவராக இறங்கும் மேட்ச் அது; ஜெயிப்பவர் வருஷத்தின் மிகப் பெரிய நிகழ்ச்சியான ரெஸில்மேனியாவில் சாம்பியனை எதிர்ப்பார். அன்றைக்குக் கோடி ரோட்ஸ் முப்பதாவது ஆளாக இறங்கி ரம்பிளை ஜெயிக்கிறார். அதாவது ரெஸில்மேனியாவில் சாம்பியன் ரோமனை எதிர்க்கப்போவது கோடிதான் என்று அந்த நிமிடமே உறுதியாகிவிட்டது. அதே இரவில் கடைசி மேட்ச். ரோமன், கெவின் ஓவன்ஸைத் தோற்கடித்து, கைவிலங்கு போட்டுக் கயிற்றில் கட்டிவைத்து, சாமியின் கையில் நாற்காலியைக் கொடுத்து அடி என்கிறார். பல மாதங்களாக ரோமன் குடும்பத்தின் வாசலில் நின்று, என்னையும் ஒருவனாகச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று ஏங்கிய கோமாளி சாமி. ஓவன்ஸோ அவருடைய பல வருஷத்து நண்பர். சாமி நாற்காலியை ஓங்கி ரோமனின் முதுகில் போட்டார். குடும்பம் அவரை அடித்து நொறுக்கியது. ரோமனின் உறவினர் ஜே ஊசோ மட்டும் கை வைக்காமல் ரிங்கைவிட்டு இறங்கி நடந்தார். மூன்று வாரம் கழித்து, பிப்ரவரி 18-ல், சாமியின் சொந்த மண்ணான மான்ட்ரியாலில் மேட்ச்.

இப்போது நிலைமையைப் பாருங்கள். சாமி ஜெயிக்கப்போவதில்லை என்று அரங்கத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். கோடிக்கு ரெஸில்மேனியா எழுதியாகிவிட்டது. 2020 ஆகஸ்டிலிருந்து பெல்ட் ரோமனின் தோளில். ரெஸில்மேனியாவுக்கு ஆறு வாரம் இருக்கும்போது அதை இன்னொருவருக்குக் கொடுப்பார்கள் என்று நினைக்க ஒரு காரணமும் கிடையாது. கேள்வி கேட்டவரின் சந்தேகம் அப்படியே முழு வடிவில் நிற்கும் மேட்ச் இது. முடிவு பச்சையாகத் தெரிகிறது, பிறகு எதற்குப் பார்ப்பது? ஆனால் அன்றைக்கு 'ஓலே, ஓலே' பாட்டு நிற்கவே இல்லை. ரோமன் ஒரு பிடி போட்டால் மொத்த அரங்கமும் வைகிறது. முதல் வரிசையில் சாமியின் மனைவி உட்கார்ந்திருக்கிறார், ரோமன் அதையும் விட்டுவைக்கவில்லை. ரோமனின் திறமையை இந்த இடத்தில் பலர் கணக்கில் எடுப்பதில்லை. அவர் அவசரமே படவில்லை. ஓர் அடி, பிறகு நின்று கூட்டத்தைப் பார்ப்பது, மறுபடி ஓர் அடி. வேகமாக ஆடியிருந்தால் அந்த வெறுப்பு ஊறியிருக்காது. சாமி அவரைப் பின் செய்து, அதாவது தோள்களைத் தரையோடு அழுத்திப் பிடித்து (மூன்று எண்ணும்வரை எழாவிட்டால் தோல்வி), ரெஃப்ரியின் கை இரண்டு தடவை தரையில் விழுந்து மூன்றாவதற்கு ஓங்கிய அந்த அரை நொடியில், கோடி, ரெஸில்மேனியா, போஸ்டர், எல்லாம் என் நினைவிலிருந்து போய்விட்டன. ரோமன் தோளைத் தூக்கியபோது நான் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருந்தேன்.

குறை இல்லாத மேட்ச் என்று சொல்ல மாட்டேன். ரெஃப்ரி அடிபட்டு விழுவது, ஜேயின் சகோதரர் ஜிம்மி குறுக்கே வருவது, ஜே வந்து யார் பக்கம் என்று தவிப்பது என்று கடைசிப் பகுதியில் ஆள் நடமாட்டம் அதிகம். சாமி பாய்ந்தபோது ரோமன் விலக, அடி ஜேமேல் விழுந்தது. அதோடு சாமியின் கதை முடிந்தது. சத்தமில்லாமல் பார்த்தால் இந்தப் பகுதி கொஞ்சம் தொங்குகிறது. ஆனாலும் இடத்தின் பொருத்தம் ஒன்று இருக்கிறது, ரெஸ்லிங் ரசிகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 1997 நவம்பரில், பெயர் வேறாக இருந்த இதே அரங்கத்தில்தான் பிரெட் ஹார்ட்டிடம் ஒரு முடிவைச் சொல்லிவிட்டு ரிங்கில் வேறு முடிவை நடத்திப் பெல்ட்டைப் பறித்தார்கள். 'முன்பே எழுதிய முடிவு' என்பதையே அவருக்குத் தெரியாமல் திருத்திய ஊர் அது. அந்த ஊர்க் கூட்டம் எதையும் நம்பாமல் இருந்திருந்தால் நியாயம். அவர்கள்தான் அன்றைக்கு ஆகக் கூடுதலாக நம்பினார்கள். சாமிக்கான கூலி ஏப்ரல் 1-ல் கிடைத்தது. ரெஸில்மேனியா முதல் இரவின் கடைசி மேட்சில், ஓவன்ஸோடு சேர்ந்து ஊசோ சகோதரர்களிடமிருந்து டேக் டீம் பெல்ட்டுகளை, அதாவது இருவர் அணிக்கான பட்டத்தை வாங்கினார். டேக் டீம் பெல்ட்டுக்கான மேட்ச் ஒன்று ரெஸில்மேனியாவின் ஓர் இரவை முடித்துவைத்தது அதுவே முதல் தடவை.

டோக்கியோவுக்கு இரண்டாமிடம் என்றால், மூன்றாமிடம் அப்போது டபிள்யூ.டபிள்யூ.இ.யின் இன்டர்கான்டினென்டல் பெல்ட்டை வைத்திருந்த குந்தருக்கு. எந்த மேட்ச் என்பதில் எனக்குள்ளேயே சண்டை. ஏப்ரல் 2-ல் ஷேமஸ், ட்ரூ மெக்கின்டயர் இருவரோடும் மோதியதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். மூன்று பேரின் நெஞ்சும் உள்ளங்கை அடியில் சிவந்து கன்றிப்போன அந்த மேட்சில் வீண் அசைவு ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் என் ஓட்டு, செப்டம்பர் 4 அன்று சாதாரண திங்கட்கிழமை 'ரா' நிகழ்ச்சியில் சாட் கேபிளோடு மோதியதற்கு. கேபிள் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் கிரேக்க-ரோமன் மல்யுத்தத்தில் அமெரிக்காவுக்காக இறங்கியவர், டபிள்யூ.டபிள்யூ.இ.யில் வெகுகாலம் சிரிப்புக்குப் பயன்பட்டவர். ஆகஸ்ட் 21-ல் கவுன்ட்-அவுட்டில், அதாவது எண்ணி முடிப்பதற்குள் எதிராளி ரிங்குக்குத் திரும்பாததால், குந்தரை வென்றிருந்தார், அந்த முறையில் பெல்ட் கைமாறாது. அதனால் மறு மேட்ச். இன்னும் சில நாள் பெல்ட்டை வைத்திருந்தால் அந்தப் பெல்ட்டில் ஹாங்கி டாங்க் மேன் வைத்திருந்த 454 நாள் சாதனையைக் குந்தர் தாண்டிவிடுவார். ஆகவே இங்கேயும் முடிவு ஊகிக்கக்கூடியதுதான். கேபிள் தன்னைவிட ஒரு தலை உயரமான அந்த ஆளை இடுப்பில் கட்டிப் பின்னால் தூக்கி எறியும்போது, உண்மையான மல்யுத்தம் பயின்ற முதுகு எப்படி வளையும் என்று தெரிகிறது. தோற்றபோது, ரிங் ஓரத்தில் குடும்பத்தோடு நின்ற அவருடைய சிறிய மகள் அழுததைக் கேமரா காட்டியது. அந்தக் குழந்தைக்கு முன்பே தெரியுமா, தெரியாதா? அதற்கு நான் பதில் சொல்ல முடியாது. வாராந்தர டி.வி. மேட்ச் ஒன்றில், பெரிய மேடையின் உதவி எதுவும் இல்லாமல் அந்த இடத்துக்குக் கொண்டுபோனார்கள் என்பதுதான் எனக்குப் பெரிது.

நுணுக்கம் பிடிக்கும் என்றால் அக்டோபர் 1, சியாட்டில், டேனியல்சன் – ஜாக் சேபர் ஜூனியர். நியூ ஜப்பானைத் தொடங்கிய அன்டோனியோ இனோகி மறைந்து சரியாக ஒரு வருஷம் ஆன நாளில், அவர் நினைவாக நடந்த நிகழ்ச்சி. ஜூனில் முறிந்த அதே கையைத்தான் சேபர் மணிக்கட்டிலிருந்து தோள்வரை பூட்டுப் பூட்டாகத் திருகிக்கொண்டே இருந்தார். அதே டேனியல்சன் மார்ச் 5-ல் ஏ.இ.டபிள்யூ.வின் அப்போதைய சாம்பியன் எம்.ஜே.எஃப்.போடு அறுபது நிமிட அயர்ன்மேன் மேட்ச் ஆடினார்; நேரம் முடியும்போது அதிக வெற்றி எடுத்தவர் ஜெயிப்பார். மூன்றுக்கு மூன்று என்று சமநிலையில் முடிந்து, கூடுதல் நேரத்தில் ஆக்சிஜன் சிலிண்டரால் அடித்து, டேனியல்சனின் சொந்தப் பிடியையே அவர்மேல் போட்டுத் தட்டவைத்தார் எம்.ஜே.எஃப். வில்லன் என்றால் இப்படி இருக்க வேண்டும். ஆனால் நடு இருபது நிமிடத்தை நான் இரண்டாம் தடவை ஓட்டிவிட்டுத்தான் பார்த்தேன்.

பெண்கள் மேட்சுகளைத் தனிப் பட்டியலாக ஒதுக்குவது எனக்குப் பிடிக்காது. ஏப்ரல் 1-ல் ரியா ரிப்ளி ஷார்லட் ஃபிளேரைத் தோற்கடித்தது என் ஐந்துக்குள் வரும். இதே இருவரும் 2020 ரெஸில்மேனியாவில், கொரோனாவால் ஓர் ஆள்கூட இல்லாத பயிற்சிக் கூடத்தில் மோதியிருக்கிறார்கள். அன்றைக்கு ரியா தோற்றார். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். கூட்டம் என்பது வெறும் பின்னணிச் சத்தமா, மேட்சின் பாதியா என்பதற்கு இதைவிட நல்ல சோதனை கிடையாது. ஜப்பானில், ஏப்ரல் 23 யோகஹாமாவில், தாம் நகானோ ஜூலியாவிடமிருந்து ஸ்டார்டம் கம்பெனியின் உச்ச பெல்ட்டை வாங்கியதும் அப்படித்தான். 2021-ல் தோற்றவர் தலையை மழிக்க வேண்டும் என்ற மேட்சில் ஜூலியா மொட்டையடித்துக்கொண்ட கதையைத் தெரிந்துகொண்டு பார்த்தால் ஒவ்வொரு தலைமுட்டுக்கும் வேறு கனம்.

இரண்டு மேட்சுகளை வரிசையில் வைக்க எனக்கு மனம் வரவில்லை, ஆனால் சொல்லாமல் விட முடியாது. தம்பி மார்க்கோடு ஜோடியாக ஆடிவந்த ரெஸ்லர் ஜே பிரிஸ்கோ ஜனவரி 17 அன்று சாலை விபத்தில் இறந்தார். அவர் உயிரோடு இருந்திருந்தால் பிறந்தநாளாக இருந்திருக்கும் ஜனவரி 25-ல், தம்பி மார்க், ஜே லீதலோடு மோதினார். அண்ணனின் அடியைப் போட்டு முடித்தார். அதில் யார் ஜெயிப்பார் என்று யாருமே யோசிக்கவில்லை. மற்றொன்று பிப்ரவரி 21, டோக்கியோ டோமில் ஜப்பானின் மூத்த ரெஸ்லர் கெய்ஜி முட்டோ ஓய்வுபெற்ற நாள். அறுபது வயது, இரண்டு முழங்காலிலும் அறுவை சிகிச்சை, மேல் கயிற்றிலிருந்து பின்புறமாகக் குட்டிக்கரணம் அடிக்கும் மூன்சால்ட் போடவே கூடாது என்று மருத்துவர்கள் தடுத்திருந்தார்கள். எதிராளி டெட்சுயா நைட்டோவுக்கு எதிராக மேல் கயிற்றில் ஏறி, நின்று, யோசித்து, இறங்கிவிட்டார். தோற்றார். பிறகு மைக்கை வாங்கி, கமென்டரி மேசையில் உட்கார்ந்திருந்த பழைய தோழர் மசாஹிரோ சோனோவைக் கூப்பிட்டார். 1984-ல் இருவரும் முதன்முதலாக ரிங்கில் இறங்கியது ஒருவருக்கு எதிராக ஒருவர்தான். கைத்தடியோடு நடக்கும் சோனோ ஏறி வந்து, இரண்டு நிமிடத்துக்குள் தன் எஸ்.டி.எஃப். பிடியில் முட்டோவைத் தட்டவைத்தார். மெல்ட்சரின் நட்சத்திரத்தில் இதற்கு என்ன மதிப்பு போடுவது?

விட்டவற்றுக்கும் காரணம் சொல்லிவிடுகிறேன். நவம்பர் 18-ல் ஸ்வர்வ் ஸ்ட்ரிக்லண்டும் ஹேங்மேன் பேஜும் ஆடிய டெக்சஸ் டெத் மேட்ச் பலரின் முதலிடம். ஸ்டேப்ளர் அடிப்பது, எதிராளியின் ரத்தத்தைக் குடிப்பது வரை போனார்கள். உழைப்பை மதிக்கிறேன், இரண்டாம் தடவை பார்க்க என்னால் ஆகவில்லை. என் விதிப்படி அது வெளியே. கோடி – ரோமன் ரெஸில்மேனியா மேட்ச் கடைசி நிமிடம்வரை அருமை, பிறகு ரோமன் குடும்பத்தின் சோலோ சிகோவா வந்து கெடுத்தார். ஒரு வருஷம் கழித்து கோடி ஜெயித்ததால் அது நல்ல திட்டம் என்று இப்போது சொல்கிறார்கள். இருக்கலாம்; அன்றைய மேட்சுக்கு அன்றைய மதிப்பெண்தான். ஜூலை 1-ல் லண்டனில் ஜே ஊசோ ரோமனைப் பின் செய்தது அந்த வருஷத்தின் சிறந்த ஒற்றை நொடி. 2019 டிசம்பருக்குப் பிறகு ரோமனின் தோள் மூன்று எண்ணும்வரை தரையில் இருந்தது அன்றைக்குத்தான். மேட்சாக அது முதல் பத்துக்குள் வராது.

நண்பரோடு இதைத் தீர்த்துக்கொள்ள ஒரு வழி சொல்கிறேன். அவருக்கு மான்ட்ரியாலை நேராகப் போட்டுக் காட்டாதீர்கள். ராயல் ரம்பிளின் கடைசி இருபது நிமிடத்தை முதலில் காட்டுங்கள், இல்லாவிட்டால் சாமி ஏன் இத்தனை பேருக்கு வேண்டியவர் என்று அவருக்குப் புரியாது. நீங்கள் டோக்கியோ மேட்சை முழுதாக, இடையில் நிறுத்தாமல் பாருங்கள். அந்த டி.டி.டி. வந்த பிறகு ஆஸ்ப்ரேயின் கால்களை மட்டும் கவனியுங்கள். டொராண்டோவை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.